ஓர் ஓவியத்தின் முன் ஒரு மணி நேரம்: வட்டாரக் கலை அருங்காட்சியகம் ஒன்றின் சமூக நிகழ்ச்சிகள் பற்றிய மதிப்புரை

வட்டாரக் கலை அருங்காட்சியகம் ஒன்று பொதுமக்களுக்காக நடத்தும் நிகழ்ச்சிகளில் கடந்த 14 மாதங்களாகத் தொடர்ந்து கலந்துகொண்டு வருகிறேன். அங்குள்ள கலைப்பொருள் தொகுப்பைப் பற்றியோ கட்டடத்தைப் பற்றியோ இங்கே எழுதப் போவதில்லை. மாதந்தோறும் நுழைவாயிலில் அச்சிட்டு வைக்கும் நிகழ்ச்சி நிரலில் உள்ளவற்றைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். உற்றுநோக்கும் அமர்வு, சனிக்கிழமைப் பட்டறை, நினைவாற்றல் குறைந்தவர்களுக்கான சந்திப்பு, தொட்டுணரும் சுற்று, மாலை விழா, மக்கள் தேர்ந்தெடுத்து அமைக்கும் கண்காட்சி ஆகியவையே அவை. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு முறையாவது போயிருக்கிறேன். சிலவற்றுக்குப் பத்து முறைக்கு மேல் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது எனக்குள் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இதே நிகழ்ச்சியை வேறு ஏதோ ஒரு மண்டபத்தில் நடத்தியிருந்தால் எதையாவது இழந்திருப்போமா? இழந்திருக்க மாட்டோம் என்றால், சுவரில் தொங்கும் ஓவியங்களும் பீடத்தில் நிற்கும் சிற்பங்களும் அன்றைய பொழுதுக்குத் தேவைப்படவே இல்லை என்று பொருள். இந்த அளவுகோலை வைத்துத்தான் கீழே உள்ள எல்லாவற்றையும் மதிப்பிட்டிருக்கிறேன்.

இங்கு நடப்பவற்றிலேயே சிறந்ததிலிருந்து தொடங்குகிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில் கதவு திறந்த அரை மணி நேரத்தில் தொடங்கும் உற்றுநோக்கும் அமர்வுக்கு அதிகபட்சம் 12 பேரை மட்டுமே சேர்க்கிறார்கள். நுழைவாயிலில் அடுக்கி வைத்திருக்கும் மடக்கு முக்காலிகளில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, ஒரே ஓர் ஓவியத்தின் முன் போய் உட்கார வேண்டும். முதல் பத்து நிமிடங்களுக்கு யாரும் பேசக்கூடாது. ஓவியத்தின் அருகே இருக்கும் விளக்கக் குறிப்பை அன்று மட்டும் ஒரு வெள்ளைத் தாளால் மூடி வைத்திருப்பார்கள். முதன்முறை போனபோது அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பெரும் பாடாக இருந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டதாக நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு படைப்பின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. அதன்படி சராசரி நேரம் 27.2 நொடி, பார்வைகளில் சரிபாதி 17 நொடிக்குள்ளேயே முடிந்துவிட்டன. உலகின் பெருந்தொகுப்புகளுள் ஒன்றைத் தேடிப் போனவர்களே அவ்வளவு விரைவாக நகர்கிறார்கள் என்றால், ஓர் ஓவியத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் நிகழ்ச்சி எவ்வளவு துணிவான ஏற்பாடு என்பது புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வாய்த்தது, வரைந்தவர் பெயர் தெரியாத, கையகல எண்ணெய் வண்ண ஓவியம். ஒரு மேசை, அதன் மேல் ஒரு மண் குவளை, பாதி திறந்த சன்னல், நாற்காலியின் முதுகில் மாட்டியிருக்கும் ஒரு மேலங்கி; அவ்வளவுதான். ஆறாவது நிமிடத்தில்தான் குவளையின் நிழலைக் கவனித்தேன். சன்னல் இடப்பக்கம் இருக்கிறது. நிழலும் இடப்பக்கமே விழுகிறது. அப்படியானால் சட்டகத்துக்கு வெளியே, நம் கண்ணுக்குத் தெரியாத வலப்பக்கத்தில், சன்னலைவிட வலுவான வேறொரு வெளிச்சம் இருந்தாக வேண்டும். பேச அனுமதி கிடைத்ததும் நான் அதைச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் எழுந்து, ஓவியத்தின் பக்கவாட்டில் போய் நின்று, "அந்த மேலங்கிக்கு அடியில் ஒரு தோள் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றார். ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். சாய்வாக விழும் வெளிச்சத்தில், மேலங்கியின் வண்ணப் பரப்புக்குக் கீழே இன்னொரு கோடு மேடிட்டிருந்தது. அது கழுத்திலிருந்து இறங்கி, தோளாக வளைந்து, முழங்கையில் மடிந்தது. அந்த நாற்காலியில் முதலில் யாரோ உட்கார்ந்திருந்திருக்கிறார். ஓவியர் பிறகு அவரை மூடிவிட்டு, அவர் இருந்த இடத்தில் மேலங்கியை மட்டும் மாட்டியிருக்கிறார். எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் ஒளி ஊடுருவும் தன்மையைப் பெறுவதால், மறைத்தவை பல ஆண்டுகளுக்குப் பின் இப்படி மேலே தெரியத் தொடங்குவது உண்டு என்று வழிகாட்டி அப்போதுதான் விளக்கினார். முன்பே சொல்லியிருந்தால் அது ஒரு தகவலாக மட்டும் இருந்திருக்கும். அந்தப் பெண்மணி கண்டுபிடித்த பிறகு சொன்னதால், நாங்கள் 12 பேரும் அந்தத் தோளை மறக்கப் போவதில்லை.

இந்த அமர்வு எப்படி நடக்கிறது என்பதற்குப் பின்னால் தெளிவான ஒரு முறை இருக்கிறது. உளவியல் ஆய்வாளரான அபிகேல் ஹவுசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் சேர்ந்து உருவாக்கிய மூன்று கேள்விகளை இன்று பல நாடுகளின் அருங்காட்சியகங்கள் கையாளுகின்றன. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது என்பவையே அவை. இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. "சோகமாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், சோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போகாமல், படத்தின் எந்த மூலையில் அதைக் கண்டார் என்று காட்டச் செய்கிறது அந்தக் கேள்வி. நான் சென்ற அமர்வுகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர் இந்தக் கேள்விகளைத் தவிர வேறு எதையும் முதல் அரை மணியில் பேச மாட்டார். ஒருவர் சொன்னதை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லி, கையால் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடுவார். அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்த இரண்டு நாட்களில் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. அவர் கேள்வியைக் கேட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து இரண்டு நொடி காத்திருந்து, தாமே பதிலையும் சொல்லிவிட்டார். ஆழ்ந்த படிப்புள்ளவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் பேசி முடித்தபோது யாருக்கும் ஓவியத்தைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஆகவே முன்பதிவு செய்யும்போது நடத்துபவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்டால் தயங்காமல் சொல்கிறார்கள்.

அடுத்தது சனிக்கிழமைப் பட்டறை. ஏழு வயது முதல் யாரும் வரலாம். பெரியவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகக் கூடாது, கூடவே உட்கார்ந்து தாங்களும் செய்ய வேண்டும் என்பது விதி. மிக நல்ல விதி. நான் போன வாரங்களில் களிமண் வேலை, தாள்களை வெட்டி ஒட்டிப் படம் அமைக்கும் படத்தொகுப்பு, லினோலியம் என்ற மென்மையான பலகையில் செதுக்கி எடுக்கும் லினோ அச்சு ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். லினோ அச்சு நாளை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சி தொடங்கும் முன் அனைவரையும் அச்சோவியங்கள் இருக்கும் மங்கலான கூடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தாளில் அமைந்த படைப்புகள் ஒளியால் நிறம் மங்கிவிடும் என்பதால் அங்கே வெளிச்சத்தை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் வைத்திருக்கிறார்கள்; கண் பழகுவதற்கே சில நிமிடங்கள் ஆகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, ஒரு மரச்செதுக்கு அச்சில் உளி எங்கே நுழைந்தது, எங்கே திரும்பியது, எங்கே வழுக்கியது என்று தேடச் சொன்னார்கள். வழுக்கிய இடத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் சிறுவர்கள்தான்.

பிறகு பட்டறை மேசையில் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அளவு லினோ பலகையும் ஓர் உளியும் கொடுத்தார்கள். உளியைப் பிடித்த கைக்கு முன்னால் மற்றக் கை ஒருபோதும் இருக்கக்கூடாது என்பதைப் பயிற்சியாளர் மூன்று முறை சொன்னதோடு நிற்காமல், மேசை மேசையாகப் போய்க் கைகளைச் சரிசெய்தார். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த சிறுமி தன் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கினாள், அது 'செ'. உருளையால் மையைத் தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து, தாளின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தபோது, கொம்பு எழுத்தின் வலப்பக்கம் போய் நின்றது. "அம்மா, கொம்பு ஓடிப்போச்சு!" என்றாள். தாய் பதில் சொல்லத் தொடங்கும் முன்பே அவள் எழுந்து, கதவைத் தாண்டி, மீண்டும் அந்த மங்கலான கூடத்துக்குள் போய்விட்டாள். நாங்கள் பின்னால் போனபோது, மரச்செதுக்கு அச்சின் அடியில் இருந்த கையெழுத்து நேராகவே இருக்கிறதே, அவர் எப்படிச் செதுக்கியிருப்பார் என்று பயிற்சியாளரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கையெழுத்து அச்சடித்த பின் பென்சிலால் இடப்பட்டது என்பதை அவளே உருப்பெருக்கி வழியாகப் பார்த்துச் சொல்லும் வரை அவர் காத்திருந்தார். என் அளவுகோலின்படி இதைவிட மேலான பட்டறை இருக்க முடியாது. செய்து பார்த்த கை, தொங்கவிட்டிருக்கும் படைப்பிடம் கேள்வியோடு திரும்பிப் போகிறது. களிமண் வாரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று யாரும் எங்களைச் சிற்பக் கூடத்துக்கு அழைத்துப் போகவில்லை; அழகான கிண்ணங்களைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அருங்காட்சியகப் பட்டறைகளைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுபவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்காவின் டொலிடோ கலை அருங்காட்சியகம் 1962-இல் தன் வளாகத்தில் இருந்த ஒரு வண்டிக் கொட்டகையைக் கண்ணாடி உருக்கும் பட்டறைக்காகத் திறந்துவிட்டது. மட்பாண்டக் கலைஞரான ஹார்வி லிட்டில்டன் அதை நடத்தினார். தொழிற்சாலைக்குள் மட்டுமே செய்ய முடியும் என்று கருதப்பட்ட கண்ணாடி ஊதும் வேலையைத் தனிக் கலைஞர் ஒருவர் சிறிய உலையில் செய்ய முடியுமா என்று பார்ப்பதே நோக்கம். முதலில் உருக்கிய கலவை சரிவரவில்லை. கண்ணாடித் தொழிலில் ஆராய்ச்சியாளராக இருந்த டொமினிக் லபினோ தந்த கண்ணாடிக் கோலிகளை உருக்கிய பிறகே வேலை நடந்தது. ஊதுகுழலைப் பிடிக்கும் முறையை ஓய்வுபெற்ற கண்ணாடித் தொழிலாளி ஒருவர் வந்து காட்டிக்கொடுத்தார். அந்த ஆண்டில் அங்கு நடந்த இரண்டு பட்டறைகளிலிருந்துதான் அமெரிக்காவில் தனிக் கலைஞர்களின் கண்ணாடிக் கலை இயக்கம் பிறந்தது. மாநகரப் பேரருங்காட்சியகம் ஒன்றும் அதைத் தொடங்கவில்லை. கண்ணாடித் தொழிலை நம்பியிருந்த ஓர் ஊரின் அருங்காட்சியகம், அந்த ஊர்த் தொழிலாளியின் கைத்திறனையும் ஒரு கலைஞரின் கேள்வியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததால் நிகழ்ந்தது அது. வட்டார அருங்காட்சியகத்துக்கே உரிய வலிமை அதுதான். நான் எழுதும் அருங்காட்சியகம் இதுவரை தன் வட்டாரத்தில் கைவேலை தெரிந்த ஒருவரைக்கூடப் பட்டறைக்கு ஆசிரியராக அழைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

நினைவாற்றல் குறைந்தவர்களுக்கான மாதச் சந்திப்புக்கு என் தாய்மாமனை அழைத்துக்கொண்டு ஒன்பது முறை போயிருக்கிறேன். பார்வையாளர் நெரிசல் இல்லாத வார நாளின் முற்பகலில் நடத்துகிறார்கள். ஒருவருக்கு ஒரு துணையாள் கட்டாயம் வர வேண்டும். இத்தகைய சந்திப்புகளை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2006-இல் தொடங்கியபோது, பொதுமக்களுக்குக் கதவு மூடியிருக்கும் விடுமுறை நாளிலேயே நடத்தியது. கூட்டமும் இரைச்சலும் இல்லாமல் இருப்பது எவ்வளவு தேவை என்பது இத்தகைய ஒருவரோடு வெளியே போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும். இங்கே நாள் முழுவதும் மூட முடியாவிட்டாலும், அந்த ஒரு கூடத்தை மட்டும் கயிறு கட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். கை வைத்த நாற்காலிகளைப் போடுகிறார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் பெரிய எழுத்தில் அம்புக்குறி ஒட்டுகிறார்கள். வழிகாட்டி எல்லோரையும் "ஐயா", "அம்மா" என்றுதான் அழைக்கிறார், குழந்தைகளிடம் பேசுவதைப் போன்ற குரலை ஒருபோதும் எடுப்பதில்லை.

முதல் மாதம், ஆற்றோரம் ஒன்றைக் காட்டும் நீர்வண்ண ஓவியத்தின் முன் உட்கார்ந்திருந்தோம். "இது சாயங்காலம்" என்றார் மாமா. அருகில் இருந்தவர் விடியற்காலை என்றார். இருவருக்கும் பெரிய வாக்குவாதம் வந்துவிட்டது. தண்ணீரின் நிறம், படகில் ஆள் இல்லாதது, கரையில் எரியும் ஒற்றை விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி இருவரும் வாதாடினார்கள். வீட்டில் நாலு சொல்லுக்கு மேல் பேசாதவர் அன்று கால் மணி நேரம் பேசினார். இரண்டு மாதம் கழித்து அதே ஓவியத்துக்கு மீண்டும் வந்தோம். இம்முறை மாமா அதே உறுதியோடு "இது விடியற்காலை" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன்; வழிகாட்டி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்துவிட்டு, "எதைப் பார்த்து விடியற்காலை என்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டார். அந்த ஒற்றை விளக்கு இன்னும் அணைக்கப்படவில்லை, அதனால்தான் என்றார் மாமா. முன்பு சாயங்காலத்துக்குச் சான்றாகக் காட்டிய அதே விளக்கு! அதற்குப் பிறகு நான் ஓவியத்தைப் பார்த்தபோது, எந்தப் பொழுது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாமல், கண் முன்னால் இருப்பதை வைத்துக்கொண்டே மற்றவர்களுக்குச் சமமாகப் பேச முடிகிற இடங்கள் மாமாவைப் போன்றவர்களுக்கு மிகச் சிலவே. இந்தச் சந்திப்பு அப்படிப்பட்ட ஒன்று. அதற்காக அந்த வழிகாட்டிக்கும் பின்னால் நின்று நாற்காலிகளை நகர்த்தும் தன்னார்வலர்களுக்கும் நான் நன்றியுடையவன்.

தொட்டுணரும் சுற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் ஆண்டுக்கு நான்கு முறைதான் நடக்கிறது. பார்வையற்றவர்களுக்கு முன்னுரிமை தந்து, மீதமுள்ள இடங்களை மற்றவர்களுக்குத் தருகிறார்கள். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய கையுறை அணிந்து, இரண்டு வெண்கலச் சிற்பங்களையும் ஒரு கற்சிற்பத்தையும் தொடலாம். இத்தாலியின் அன்கோனா நகரில், பார்வையற்ற தம்பதியர் இருவரின் முயற்சியால் 1993-இல் தொடங்கப்பட்ட ஓமெரோ அருங்காட்சியகம் முழுக்க முழுக்கத் தொட்டுப் பார்ப்பதற்காகவே அமைந்தது. அந்த அளவுக்கு இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் மூன்றே சிற்பங்கள் என்பது மிகக் குறைவு. என் குழுவில் இருந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் வெண்கல உருவத்தின் முதுகைத் தடவிவிட்டு, முன்பக்கம் வழவழப்பாக இருக்க முதுகில் மட்டும் ஏன் சிற்பியின் விரல் தடங்கள் அப்படியே இருக்கின்றன என்று கேட்டார். கண்ணால் பார்க்கும் நாங்கள் யாரும் அந்தச் சிலையின் பின்னால் போய்ப் பார்த்ததே இல்லை; சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள்.

இனி மாலை விழா. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் இந்த விழாவுக்குத்தான் பெருங்கூட்டம் வருகிறது. அருங்காட்சியகத்தின் விளம்பரங்களில் பெரும்பாலானவையும் இதைப் பற்றியவையே. முற்றத்தில் மேடை, இசை, உணவுக் கடைகள், பிள்ளைகளின் முகத்தில் வண்ணம் தீட்டுதல் என்று எல்லாமே சிறப்பாக நடக்கின்றன. ஆனால் நான் போன மூன்று முறையும் காட்சிக்கூடங்களின் கதவுகள் மூடியிருந்தன. கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்த ஒரு தந்தையையும் மகனையும் கண்டேன்; உள்ளே விளக்குகள் அணைந்திருந்தன. காவலுக்கு இரவில் ஆள் போதாது என்பதே கிடைத்த விளக்கம். அது உண்மையான இடர்ப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் 1998 முதல் நடத்திவரும் முதல் சனிக்கிழமை இரவுகளின் அடிப்படையே வேறு. அங்கு இசையும் நடனமும் நடக்கும் அதே இரவில் காட்சிக்கூடங்களும் திறந்திருக்கும். பாட்டுக் கேட்க வந்தவர்கள் ஓவியங்களுக்கு நடுவே நடந்து போகிறார்கள். எல்லாக் கூடங்களையும் திறக்க முடியாவிட்டால் ஒரே ஒரு கூடத்தையாவது திறந்து, வாசலில் இரண்டு காவலர்களை நிறுத்தலாம். அதுவரை இந்த விழாவை நல்ல விழா என்று சொல்வேன். நல்ல அருங்காட்சியக நிகழ்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு உண்மையான மனக்குறையைத் தந்தது மக்கள் தேர்ந்தெடுத்து அமைக்கும் கண்காட்சி. வட்டாரத்தில் வாழும் 15 பேரை அழைத்து, சேமிப்பறையில் இருக்கும் படைப்புகளிலிருந்து ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று நாங்களே குறிப்பு எழுதுவதுதான் திட்டம். அந்த 15 பேரில் நானும் ஒருவன். நான்கு சந்திப்புகள் மிக அருமையாக நடந்தன. காப்பாட்சியர் இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். ஒரு படைப்பு எப்படித் தொகுப்புக்குள் வருகிறது, எந்தத் தாளில் பதிவாகிறது, ஏன் பெரும்பாலானவை வெளிச்சத்துக்கு வருவதே இல்லை என்பதை எல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். நான் ஒரு பழைய துணி அச்சு மாதிரியைத் தேர்ந்தெடுத்தேன். அச்சுக் கட்டை சற்று விலகி விழுந்ததால் ஓரத்தில் ஒரு பூவின் மேல் இன்னொரு பூ அரைகுறையாக ஏறியிருந்தது. அந்தப் பிழைக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன், அதைப் பற்றித்தான் எழுதினேன். திறப்பு நாளன்று போய்ப் பார்த்தால், என் குறிப்பு மூன்று வரியாகச் சுருங்கியிருந்தது. பிழையைப் பற்றிய வரி ஒன்றுகூட இல்லை. 'பாரம்பரிய அழகு' என்ற சொற்கள் இருந்தன, அவற்றை நான் எழுதவே இல்லை. மற்றவர்களின் குறிப்புகளும் இப்படியே ஒரே குரலுக்கு மாற்றப்பட்டிருந்தன. கண்காட்சி வைக்கப்பட்ட இடம், கழிப்பறைக்கும் பொருள் வைப்பறைக்கும் நடுவே உள்ள நடைவழி.

இது ஏதோ தன்மானப் பிரச்சினை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967-இல் அனகோஸ்டியா என்ற குடியிருப்புப் பகுதியில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. அங்குள்ளவர்களின் அன்றாடத் தொல்லை எலிகள்தான் என்று தெரிந்ததும், 1969-இல் எலிகளைப் பற்றியே ஒரு கண்காட்சியை அமைத்தது. மக்கள் எதைச் சொன்னார்களோ அதையே சுவரில் ஏற்ற வேண்டும் என்ற நேர்மை அதில் இருக்கிறது. இன்னும் அண்மையில், 2022-இல், பால்டிமோர் கலை அருங்காட்சியகம் தன் காவலர்கள் 17 பேரைக் கொண்டே ஒரு கண்காட்சியை அமைத்தது. நாள் முழுவதும் அந்த ஓவியங்களுடனேயே நிற்பவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவர்கள் பெயரிலேயே மக்கள் முன் வந்தது. ஒருவரிடம் கருத்தைக் கேட்டுவிட்டு அதை மாற்றி எழுதுவதைவிட, கேட்காமலே இருந்துவிடலாம். எழுத்துப்பிழையைத் திருத்தட்டும், தவறான ஆண்டைத் திருத்தட்டும், நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் எழுதியவரிடமே குறைத்துத் தரச் சொல்லட்டும். இதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அடுத்த ஆண்டு குறிப்புகளை எழுதியவர்களின் ஒப்புதலோடுதான் அச்சிடுவார்கள் என்றும், இடத்தைப் பற்றி இப்போது உறுதி சொல்ல முடியாது என்றும் அதில் இருந்தது. பதிலே வராது என்று எண்ணியிருந்த எனக்கு அது நிறைவாகத்தான் இருந்தது.

நடைமுறைச் செய்திகள் சில. முன்பதிவு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலையில் இணையத்தில் திறக்கிறது. உற்றுநோக்கும் அமர்வுக்கான இடங்கள் அன்றே நிறைந்துவிடுகின்றன. தொலைபேசியில் பதிவு செய்யவும் வழி உண்டு என்பதை நிகழ்ச்சி நிரலில் அச்சிடவே இல்லை. இணையம் பழகாத முதியவர்களுக்குத்தான் அந்த வழி தேவை. அவர்களுக்கே அது தெரியவில்லை. வராமல் போகிறவர்களின் இடத்தைக் காத்திருப்போருக்குத் தொடங்கும் நேரத்தில் கொடுத்துவிடுகிறார்கள், ஆகவே பதிவு கிடைக்காவிட்டாலும் நேரில் போய்ப் பார்க்கலாம். நான் அப்படி மூன்று முறை உள்ளே போயிருக்கிறேன். மின்தூக்கி எல்லாத் தளங்களுக்கும் போகிறது, ஆனால் பட்டறை அறையின் வாசலில் ஒரு படி இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ஒரு சாய்பலகையைக் கொண்டுவந்து போடுகிறார்கள், அதற்கு யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது. காட்சிக்கூடத்துக்குள் பேனாவை அனுமதிப்பதில்லை, பென்சில் மட்டும்தான். மை தெறித்தால் அகற்ற முடியாது என்பதால் இந்த விதி பல அருங்காட்சியகங்களிலும் உண்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறவர்களின் நிலைதான் பரிதாபம். வார நாள் மாலைகளில் மாதத்துக்கு ஓர் உற்றுநோக்கும் அமர்வையாவது வைத்தால், இப்போது வர முடியாத பெருங்கூட்டம் வரும்.

கடைசியாக, வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று. இந்த நிகழ்ச்சிகளை நடத்துபவர்களில் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் இருவர்தான். மற்றவர்கள் தன்னார்வலர்கள் அல்லது ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். மாலை விழாவுக்கு விளம்பரதாரர்கள் கிடைக்கிறார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்து ஆற்றோரத்தில் விடிகிறதா இருட்டுகிறதா என்று பேசிக்கொண்டிருக்கும் சந்திப்புக்கு அப்படி யாரும் கிடைப்பதில்லை. அது ஒரு நிதியுதவியில் நடக்கிறது, நிதியுதவி இந்த ஆண்டோடு முடிகிறது. தொடருமா என்று வழிகாட்டியிடம் கேட்டபோது, வருகைப் பதிவேட்டையும் பங்கேற்பாளர் குடும்பங்கள் எழுதித் தரும் கடிதங்களையும் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள் என்றார். வீட்டில் இத்தகைய ஒருவர் இருக்கிறார், ஆனால் அழைத்து வரத் தயங்குகிறீர்கள் என்றால், முதல் முறை பதிவு செய்யாமலே வரலாம், பாதியில் எழுந்து போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அடுத்த சந்திப்பு மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை முற்பகல். பக்கவாட்டு வாசல் வழியாக வந்தால் படிகள் இல்லை; நானும் மாமாவும் அந்த வழியாகத்தான் வருவோம்.